பாலாற்றங்கரைத் தறியும் ஒரு முதலமைச்சரும்

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த வாலாஜாபாத் என்னும் ஊர், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் வாலாஜா என்ற பட்டத்தைத் தன் பெயராகத் தாங்கி நிற்பது. கிழக்கிந்தியக் கும்பினியார்க்குக் கடன்பட்டு, அக்கடனுக்கும் உதவிக்கும் ஈடாக 1763ஆம் வருஷத்தில் செங்கற்பட்டுச் சீமையையே ஜாகீராக எழுதிக் கொடுத்த அந்த நவாபின் நினைவு வேறெவ்விடத்தில் மங்கினாலும் இவ்வூரின் பெயரில் மங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கே கும்பினிப் பட்டாளம் பாசறையிட்டிருந்தது. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அதன் அதிர்ச்சி வாலாஜாபாத் பாசறையிலும் உணரப்பட்டதென்பது சரித்திரம். பட்டாளம் போயிற்று. அதற்கு முன்னும் இருந்து, அதற்குப் பின்னும் இருந்து வருவது தறி.

வாலாஜாபாத்திலிருந்து மேற்கே காஞ்சிபுரத்துக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்கள் அடுத்தடுத்து வரும். இவை நெசவாளர் ஊர்கள். காஞ்சிபுரம் பட்டு என்று உலகம் சொல்லும் சேலையிற் கணிசமான பங்கு காஞ்சி நகரத்துக்குள் மட்டுமன்றி இத்தகைய சுற்றூர்களின் தாழ்ந்த ஓட்டு வீடுகளிலும் உருவாகியது என்பதை அறியாதவர் பலர். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிபோட்டு, அண்டை வீட்டார் ஆணும் பெண்ணுமாய்க் கைகொடுத்துப் பாவை ஒழுங்கு செய்யும் காட்சி இவ்வூர்களின் நித்திய காட்சியாக இருந்தது. வீட்டுக்குள்ளே குழித்தறி. தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் நெசவாளர் உட்கார்ந்து, குழிக்குள் தொங்கும் கால்களால் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த, கையால் நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓட்டுவார். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையானால் அவர் ஒருவரால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை ஒருவன், கரைக்குரிய நாடாவை வாங்கி வாங்கித் திருப்பித் தர வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலி நின்றது. கூலி நின்றால் முதலாளியிடம் முன்பணம். முன்பணத்துக்கு ஈடு அடுத்த வருஷத்து உழைப்பு. இந்தச் சக்கரத்துக்குள் பிறந்து இதற்குள்ளேயே மறைந்த குடும்பங்கள் எத்தனையோ.

இத்தொழிலில் ஈடுபட்டோர் எக்காலத்திலும் தாழ்ந்தே கிடந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கைக்கோளர் என்னும் நெசவுச் சமூகத்தாரின் படைகள் பேசப்படுகின்றன. விஜயநகர ஆட்சியில், பதினைந்தாம் நூற்றாண்டிற் பொறிக்கப்பட்ட சாசனங்கள், விசேஷ தினங்களில் பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் வேறு ஊர்க் கைக்கோளர்க்கு உரிமை வழங்கும்போது, காஞ்சிபுரத்துக் கைக்கோளர் ஏற்கெனவே அனுபவித்து வந்த உரிமையையே மாதிரியாக எடுத்துக்காட்டுகின்றன. கோயிலின் கண்ணியத்திலும் ஊரின் கண்ணியத்திலும் பங்கு கேட்டு வாங்கிய சமூகம் அது. 1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டியதற்குக் காரணமே இந்தப் பிரதேசத்துத் துணி மலிவாகவும் நேர்த்தியாகவும் கிடைத்ததுதான். அந்தத் துணியை நெய்தவனுக்கு அந்த வியாபாரத்தால் விளைந்தது என்ன என்று கேட்டால், லங்காஷயர் ஆலைத்துணி கப்பலேறி வந்து இறங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அதற்கு விடை சொல்லும். பருத்தி நெசவு தளர்ந்தது; மைசூர்ப் பட்டு நூலையும் சூரத்துச் சரிகையையும் நம்பி நெய்யும் பட்டு நெசவு காஞ்சியில் ஓங்கியது. பல்லக்கும் சங்கும் பழங்கதையாகி, கூலியும் கடனும் நடைமுறையாயின.

இந்தப் பின்னணியில்தான், 1909ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் நாள், காஞ்சிபுரத்தில் நடராசன் என்ற கைத்தறி நெசவாளர்க்கும் பங்காரு அம்மாளுக்கும், பின்னாளில் அண்ணா என்று அழைக்கப்பட்டு முதலமைச்சரான அண்ணாதுரை பிறந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய சிற்றன்னை இராசாமணி அம்மையார். அவரை அண்ணா “தொத்தா” என்றே அழைத்தார். பிற்காலத்தில் நாடறிந்த தலைவரான பின்னும் அந்த அழைப்பு மாறவில்லை. வரதராஜப் பெருமாள் சந்நிதியின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் சின்னக் காஞ்சிபுரத்தில், திருக்கச்சி நம்பி தெருவில் உள்ள அவ்வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிய ஸ்தலங்கள் சூழ்ந்த நகரத்தில், ஆசாரத்தின் நடுவே வளர்ந்த பிள்ளை, அந்த ஆசாரத்தையே கேள்வி கேட்கும் இயக்கத்தின் நாவாக ஆனது எங்ஙனம் என்பதைப் பலர் பலவாறு விளக்குவர். என் எண்ணத்தில், அதற்குரிய விளக்கத்தில் ஒரு பாதியாவது தறிவீட்டிலேயே இருக்கிறது. நெசவாளனின் கையும் காலும் தறிக்கு அடிமை. செவியும் நாவும் சுதந்திரமானவை. நாள் முழுவதும் ஓரிடத்தில் உட்கார்ந்து உழைக்கும் ஜனங்களுக்கிடையே ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதும், ஊர்ச் செய்தியை வாதித்து அலசுவதும், இரவில் கூத்தும் கதாகாலட்சேபமும் கேட்பதும் இயல்பான வழக்கங்கள். பேச்சின் ருசி அறிந்த ஒரு சபை அந்தத் தெருக்களில் முன்னரே அமைந்திருந்தது. அந்தச் சபைக்கேற்ற பேச்சாளன் பின்னால் வந்தான்.

அவருக்குப் பதினாறு வயது நிரம்பிய வருஷத்தில், 1925 நவம்பரில், அவருடைய ஊரிலேயே தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு கூடியது. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அக்கிராசனம் வகித்தார். உத்தியோகங்களிலும் பிரதிநிதித்துவ ஸ்தாபனங்களிலும் வகுப்புவாரி உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஈ. வெ. இராமசாமி நாயக்கர் கொண்டுவர முயன்றதும், அக்கிராசனர் அதை அனுமதிக்க மறுத்ததும், நாயக்கர் தம்மவரோடு மாநாட்டை விட்டு வெளியேறியதும் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய சம்பவங்கள். சுயமரியாதை இயக்கம் காங்கிரஸிலிருந்து பிரிந்தது காஞ்சி மண்ணில். பக்கத்து வாலாஜாபாத்திலோ மாசிலாமணி முதலியார் இந்துமதப் பாடசாலை நடத்தி, சமயத்தோடு தமிழையும் பேணி வந்தார். ஒரே தாலுகாவுக்குள் இவ்விரு நீரோட்டங்களும் ஓடின என்பதை மறந்துவிட்டு, இந்த வட்டாரம் முழுதும் ஒரு கட்சியின் வட்டாரம் என்று எழுதுவோர் சரித்திரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள்.

பச்சையப்பன் உயர்தரப் பாடசாலையில் படிப்பு. வீட்டு வறுமையால் இடையில் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தர் வேலை. மறுபடி சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படிப்பு. படிக்கும்போதே 1930இல் இராணி அம்மையாருடன் விவாகம். பொருளாதாரமும் அரசியலும் பாடமாக ஆனர்ஸ் பட்டம். இவ்வளவும் அக்காலத்தில் முன்னேறத் துடித்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருடைய கதைதான். பட்டம் பெற்றவன் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பான், குடும்பம் தறிக்குழியிலிருந்து கரையேறும் என்பது எல்லாருடைய எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்புக்கு மாறாக அவர் திரும்பிய இடம் 1934இல் திருப்பூர். அங்கே, கைக்கோளரின் மறுபெயரான செங்குந்தர் பெயரில் கூடிய இளைஞர் மாநாட்டில், பெரியார் எனப்படும் இராமசாமி நாயக்கரைச் சந்தித்தார். என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்க, உத்தியோகம் நாடவில்லை, பொதுவாழ்வையே விரும்புகிறேன் என்று இளைஞர் மறுமொழி சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நெசவுச் சமூகத்தார் தம் பிள்ளைகளைக் கூட்டிய மாநாட்டில், நெசவு வீட்டிலிருந்து சென்ற பட்டதாரி தம் தலைவரைக் கண்டுகொண்டார் என்பது வெறும் தற்செயலன்று. சமூக மாநாடுகளின் பந்தலிலிருந்துதான் அக்காலத்துத் தமிழ்நாட்டு அரசியல் தன் ஊழியர்களைத் திரட்டியது.

நீதிக் கட்சியிற் சேர்ந்தது, 1936இல் சென்னை நகரசபைத் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றது, ‘விடுதலை’, ‘குடிஅரசு’ பத்திரிகைகளிற் பணியாற்றியது, 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்து நான்கு மாதம் சிறை சென்றது ஆகியவற்றை விரித்துரைக்க இங்கே இடமில்லை. நான் சற்றே தங்க விரும்புவது 1942ஆம் வருஷத்தில். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் ‘திராவிட நாடு’ வாரப்பத்திரிகையை அவர் தொடங்கினார். சென்னையிலோ ஈரோட்டிலோ அன்று, காஞ்சிபுரத்தில். யுத்தகாலம், காகிதத்துக்குப் பஞ்சம், முதலுக்கு வழியில்லை. பத்திரிகையையும் அச்சகத்தையும் நிலைநிறுத்த நாடகம் போட்டார்கள். ‘சந்திரோதயம்’ நாடகத்தை எழுதியவரும் அவரே, அதில் வேஷம் கட்டி நடித்தவரும் அவரே. ஊர் ஊராகப் போய் நடித்துச் சேர்த்த பணம் பத்திரிகைக்கும் இயக்கத்துக்கும் ஆயிற்று. பின்னர் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ எழுதி, அதில் காகபட்டர் வேஷத்தில் அவரே தோன்றினார். அந்த நாடகத்திற் சிவாஜியாக நடித்த வி. சி. கணேசன் என்ற இளைஞருக்கு அந்தப் பெயரே நிலைத்ததைத் தமிழுலகம் அறியும். திருவாரூரிலிருந்து பள்ளி மாணவர் ஒருவர் அனுப்பிய ‘இளமைப்பலி’ என்ற கட்டுரையைத் ‘திராவிட நாடு’ வெளியிட்டது, எழுதியவர் மு. கருணாநிதி. ஒரு வாரப்பத்திரிகையின் காரியாலயம் அரசியற் கட்சியொன்றின் நாற்றங்காலாக இருந்தது என்றால் மிகையாகாது.

அந்தப் பத்திரிகையைப் படித்தவர்கள் யார்? காசு கொடுத்து வாங்கினவர்களைவிட வாங்கினவர் படிக்கக் கேட்டவர்கள் அதிகம். முடிதிருத்தும் நிலையம், தேநீர்க்கடை, சைக்கிள் கடை, பிற்காலத்தில் மூங்கில் தட்டியும் கீற்றுக் கூரையுமாய் எழுந்த படிப்பகங்கள் ஆகிய இடங்களில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சூழ்ந்து அமர்ந்து கேட்டார்கள். எதுகையும் மோனையும் அடுக்கி வரும் அந்த நடையைப் பண்டிதர் சிலர் பழித்ததுண்டு. எனக்கோ அந்தப் பழி நியாயமாகப் படவில்லை. காதால் படிப்பவர்க்காக எழுதப்பட்ட வசனம் அது. ஒரு தடவை கேட்டதும் மனத்தில் தங்கி, மறுநாள் தறியில் உட்கார்ந்திருக்கும்போது வாய் அதைத் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது அதன் பிரயோஜனம். 1943இல் கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்பது பற்றி ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் நிகழ்த்திய வாதங்களில் அவர் கொண்ட முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கம்பனை எரிக்க வேண்டிய காரணம் எதையும் நான் அன்றும் இன்றும் காணவில்லை. ஆயினும் இரண்டு மகா வித்துவான்கள் மேடையேறி ஒரு நெசவாளர் மகனுக்கு நூலாதாரங்காட்டி மறுமொழி கூற வேண்டியதாயிற்று என்பதும், அதைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள் என்பதும் தமிழ்க் கல்வியின் சரித்திரத்திற் சிறிய விஷயங்களல்ல.

1944இல் சேலத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால் நீதிக் கட்சி திராவிடர் கழகமாயிற்று. 1947 ஆகஸ்டு பதினைந்தைப் பெரியார் துக்கநாள் என்றார். அண்ணா இன்பநாள் என்று எழுதினார். 1949இல் பெரியாரின் திருமணத்தை ஒட்டி எழுந்த பிணக்கில், செப்டம்பர் 17ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது; மறுநாள் இராயபுரத்து ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் அதன் முதற் பொதுக்கூட்டம். கட்சிக்குத் தலைவர் நாற்காலி ஒன்றைப் பெரியாருக்கென வைத்து அதைக் காலியாகவே விட்டு, தாம் பொதுச்செயலாளராக மட்டும் இருந்தார். பிரிந்த குருவை இழிவாகப் பேசாமல் பதினெட்டு வருஷம் காத்திருந்த பண்பை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை.

இனி, தறிக்குத் திரும்புவோம். 1952ஆம் வருஷத்திலும் அதை அடுத்தும் கைத்தறித் தொழிலுக்கு நேர்ந்த நெருக்கடி, இன்று உயிரோடிருக்கும் முதியோர் நினைவில்கூட மங்கி வருகிறது. நூல் விலை ஒருபக்கம் ஏற, நெய்த துணி மறுபக்கம் விற்பனையாகாமல் மூட்டை மூட்டையாகத் தேங்க, தறிகள் நின்றன. நெசவாளர் குடும்பங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சென்னைத் தெருக்களிற் கையேந்தின. பல ஊர்களில் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. மானத்தை நெய்து கொடுத்தவன் மானமிழந்து வரிசையில் நின்ற காலம் அது. முதலமைச்சராயிருந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையை ஆலைகளிடமிருந்து எடுத்துக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரை வற்புறுத்தினார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் அரைநாள் பெற்றோர் தொழிலைக் கற்க வகுத்த குலக்கல்வித் திட்டத்துக்காக அவரைக் கண்டிப்பவர்கள் இதற்காக அவரைப் பாராட்ட மறக்கலாகாது. டில்லி அந்தக் கோரிக்கையை முழுமையாக ஏற்கவில்லை. ஆலைத்துணிமேல் ஒரு சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் உதவியாக வழங்கச் சம்மதித்தது.

அண்ணாவும் அவர் தம்பிமார் என்றழைத்த கழகத்தாரும் வேறொரு வழியிற் சென்றார்கள். 1953ஆம் வருஷத் தொடக்கத்தில், தேங்கிக் கிடந்த கைத்தறித் துணிகளை வாங்கித் தோளிற் சுமந்துகொண்டு, கழகத்தின் தலைவர்கள் நகரந்தோறும் தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். எம்.ஏ. பட்டம் பெற்றவர், நாடகாசிரியர், சினிமாக் கதாசிரியர் என்று கீர்த்தி பெற்றிருந்த அண்ணா துணிமூட்டையோடு வீதியில் இறங்கி நடந்தார். ‘வேலைக்காரி’ படம் பார்த்தவர்கள் அதன் ஆசிரியரையே வாசலிற் கண்டு துண்டும் வேட்டியும் வாங்கினார்கள். அதனால் விற்ற துணி, தேங்கிய துணியின் முன் எம்மாத்திரம் என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கலாம். கணக்கு அவர்கள் பக்கம். ஆனால் அந்த நாளில் நெசவாளனுக்கு வேண்டியிருந்தது பணம் மட்டும் அன்று. படித்தவன், பெயர் பெற்றவன், தன் வீட்டில் பிறந்து மேலே போனவன், தன்னுடைய மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டான் என்பது பல்லக்கும் சங்கும் பெற்றிருந்த ஒரு சமூகத்தின் இழந்த கண்ணியத்தை ஒரு கணமேனும் மீட்டுக் கொடுத்தது. மேடைகளில் பூமாலைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு போர்த்தும் வழக்கம் கழகத்தில் வேரூன்றியதும் இந்த மனோபாவத்திலிருந்துதான். வாடும் மாலையைவிட, நெய்தவனுக்கு ஒருவேளைச் சோறு தரும் துண்டு மேலானதல்லவா?

1957இல் முதன்முறையாகக் கழகம் சட்டசபைத் தேர்தலில் இறங்கியபோது அண்ணா காஞ்சிபுரத்தில் நின்று வென்றார். கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 15. ஐந்து வருஷம் கழித்து அந்தப் பதினைவரையும் வீழ்த்துவதென்று காங்கிரஸ் திட்டமிட்டு வேலை செய்தது. 1962 தேர்தலில் கழகத்தின் இடங்கள் 50 ஆகப் பெருகின. ஆனால் பழைய பதினைவரில் தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி ஒருவர் தவிர மற்றெல்லாரும் தோற்றார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவைத் தோற்கடித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் எஸ். வி. நடேச முதலியார், பஸ் முதலாளி. தமிழ்நாடெங்கும் கைதட்டி வரவேற்ற தலைவரை, அவர் பிறந்த தெருவின் சொந்த ஜனங்கள் கைவிட்டார்களே என்று அவருடைய அன்பர்கள் கண்ணீர் விட்டது பிரசித்தம். நான் அதைத் துரோகமாகக் கருதவில்லை. நெசவாளர் ஊர் என்பது ஒரே மனம் கொண்ட ஊர் அன்று; கூலிக்கு நெய்பவரும் கூலி கொடுப்பவரும், கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவரும் வெளியில் நிற்பவரும், பக்தியில் ஊறியவரும் பகுத்தறிவு பேசுவோரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இடம். கடன் கொடுத்தவர் சொல்லுக்கு வாக்குச் சாவடி வரை வலிமை உண்டு. அந்தத் தோல்வி அவரை டில்லி ராஜ்யசபைக்கு அனுப்பியது. அங்கே 1962 மே முதல் நாள் அவர் நிகழ்த்திய கன்னிப் பேச்சு, தெற்கின் குறையை வடநாட்டார் முதன்முறையாக அவருடைய ஆங்கிலத்திற் கேட்கச் செய்தது. அடுத்த வருஷம், பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியற் சட்டம் திருத்தப்பட்டபோது, கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கோழைத்தனம் என்று சிலர் பேசினார்கள். சீன யுத்தத்தின் பின் நாடு இருந்த நிலையையும், கட்சி சட்டவிரோதமானால் அதன் தொண்டர்கள் அடையக்கூடிய கதியையும் எண்ணிப் பார்த்து, கோரிக்கையை விட்டுக் காரணங்களை விடாமலிருந்த அந்த முடிவில் நான் ஒரு ராஜதந்திரியின் முதிர்ச்சியையே காண்கிறேன்.

1967இல் கழகம் ஆட்சியைப் பிடித்தபோதும் அவர் காஞ்சிபுரத்தில் நிற்கவில்லை; தென்சென்னையிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்பு அதைத் துறந்து, மேல்சபை உறுப்பினராக முதலமைச்சர் பதவியில் இருந்தார். சொந்த ஊர் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது 1957இல் அந்த ஒரே ஒரு முறைதான். மார்ச்சு 6ஆம் நாள் பதவியேற்குமுன் நெடுஞ்செழியனையும் கருணாநிதியையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டு வணங்கியதை அனைவரும் அறிவர். ஆட்சியில் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. அதற்குள், புரோகிதரின்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம். 1967 ஜூலை 18ஆம் நாள் சட்டசபையில் சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரும் தீர்மானம். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடும் இருமொழித் தீர்மானமும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவது லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொன்ன வாக்கைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கிவைத்தார். நிதிநிலை இடங்கொடாமையால் அதை ராஜ்யமெங்கும் விரிக்க இயலவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் பெரும்பாலும் குழந்தைகளும் பெண்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமை அவர் ஆட்சியில் நேர்ந்தது. ஏழைகளின் பெயரால் வந்த ஆட்சியின்மேல் விழுந்த அந்தக் கறையை, அவர் அப்போது மரணப்படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்தார் என்ற காரணத்தால் எழுதாமல் விடுவது சரித்திரத்துக்குத் துரோகம்.

1968 செப்டம்பரில் நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு ரண சிகிச்சை. தமிழ்நாடு என்ற பெயர் சட்டமாகி அமலுக்கு வந்த 1969 ஜனவரி 14ஆம் நாளைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பின் மூன்று வாரங்கூட அவர் இருக்கவில்லை. பிப்ரவரி 3ஆம் நாள் பிறந்து சற்று நேரத்தில், நள்ளிரவில் காலமானார். கடற்கரைக்கு அவரை எடுத்துச் சென்றபோது கூடிய ஜனத்திரளை அதற்கு முன் தமிழ்நாடு கண்டதில்லை.

அவருடைய வாழ்க்கையை இவ்வாறு தறியோடு சேர்த்துப் பார்க்கையில், ஒரு விஷயம் தெளிவாகிறது. நெசவாளர் தெரு அவருக்குத் தந்தது பெரிது: செவிசாய்க்கும் சபை, உழைப்பின் நினைவு, கண்ணியத்தின் ஏக்கம். அவர் அதற்குத் திருப்பித் தந்ததும் பெரிதே: பேச்சு, படிப்பு, மேடை, ஆட்சிக்கட்டில் நமக்கும் உரியது என்ற தைரியம். ஆயினும் தறியின் பொருளாதாரம் மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ராஜாஜி கேட்ட ஒதுக்கீடு ஒருவாறு சட்டமானது 1985இல். ஆலைகளும் விசைத்தறிகளும் வழக்காட, சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லுமென்று தீர்த்தது 1993இல். இப்போது அச்சட்டத்தின் கீழ்க் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டவை சேலை, வேட்டி உட்பட 11 வகைகள். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. சட்டம் ஏட்டில் இருக்க, விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறிச் சேலையின் பெயரைச் சூடிக் கடைக்கண்ணாடிக்குள் தொங்குகிறது.

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் சாலையில் இன்று விடியற்காலையில் நின்று பார்ப்பவர்க்கு, கம்பெனி பஸ்கள் வரிசையாகச் செல்வது தெரியும். அவற்றில் ஏறிப் போவோரில் தறிவீட்டுப் பிள்ளைகள் அநேகர். கோர்வைக்குக் கரைநாடா வாங்கித் தர வேண்டிய வயதில் பள்ளிக்கூடம் சென்று, பின் மோட்டார்த் தொழிற்சாலைக்கோ கைபேசித் தொழிற்சாலைக்கோ வேலைக்குச் செல்கிறார்கள். பிள்ளைகள் தறிக்குழியில் பிணைக்கப்படாமல் படித்தது நல்லதே. அதைக் குறையாகச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் கோர்வை தெரிந்த கைகள் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் எஞ்சி நிற்பது, தொழிலுக்கு ஏற்ற கூலி இல்லாமையால் நேர்ந்ததேயன்றி, தொழிலில் அபிமானம் இல்லாமையால் நேர்ந்ததன்று.

அண்ணாவின் பெயரைச் சொல்லியே அவருக்குப் பின் இந்நாட்டை மாறி மாறி ஆண்டு வந்திருக்கும் இரு கட்சியாரிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான். அவர் தோளிற் சுமந்த மூட்டைக்குச் சிலை வைக்க வேண்டியதில்லை. 1985ஆம் வருஷத்துச் சட்டம் கையில் இருக்கிறது. அதை அமல்செய்யும் அதிகாரிகள் சம்பளம் பெற்றுக்கொண்டு இருக்கிறார்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறியென்று விற்பவரைப் பிடித்து வழக்குத் தொடருங்கள். கோர்வை நெய்பவர்க்கும் அவர் பக்கத்தில் அமர்ந்து உதவுபவர்க்கும் தொழிற்சாலைக் கூலிக்குக் குறையாத கூலி கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கச் செய்யுங்கள்.